பாரதியார் பாடல்களின் முற்றுப்பெறா இசைக்குறிப்புகளும் பிற்கால மெட்டமைப்புகளும்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

இசையமைப்பு ஒன்று முற்றுப்பெறாமல் நின்றுவிடும்போது பின்வருவோர் அதனை என்ன செய்ய வேண்டும் என்பது இசையுலகின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். 1791-இல் மொசார்ட் மறைந்தபோது அவருடைய இரங்கல் வழிபாட்டிசை பாதியில் நின்றது. அவருடன் பழகிய சூஸ்மயர் என்பவர் அதனை முடித்துக் கொடுத்தார். மொசார்ட்டின் கை எங்கே முடிகிறது, சூஸ்மயரின் கை எங்கே தொடங்குகிறது என்னும் ஆராய்ச்சி இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் ஓயவில்லை. இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டவர் இத்தாலிய இசையமைப்பாளர் பெரியோ. 1828-இல் மறைந்த சூபர்ட் விட்டுச்சென்ற சிம்பொனிக் குறிப்புகளை 1989-1990-ஆம் ஆண்டுகளில் அவர் கையிலெடுத்தார். குறிப்பு உள்ள இடங்களில் சூபர்ட்டின் பாணியைப் பின்பற்றினார். குறிப்பு இல்லாத இடங்களிலோ சூபர்ட்டைப்போல் நடிக்காமல், இருபதாம் நூற்றாண்டுக்குரிய தமது பாணியிலேயே இடைவெளிகளை நிரப்பினார். அவ்விடங்கள் வரும்போதெல்லாம் செலெஸ்டா என்னும் கருவி மெல்ல ஒலித்து, கேட்போருக்கு அதனை உணர்த்தும். சிதைந்த சுவரோவியத்தைப் புதுப்பிப்பவர் சிதைவை மறைக்காமல் விடுவதைப் போன்றது இம்முறை என அவர் விளக்கினார்.

தமிழிசையில் இவ்வினா இன்னும் கூர்மையானது. நம் மரபில் பாடலின் சொல் ஏட்டில் தங்கும். இசை குரலோடு போய்விடும். சுவாதித் திருநாளின் (1813-1846) கீர்த்தனைகள் பலவற்றுக்கு இராகப் பெயர்கள் இருந்தும் பாடும் முறை வழக்கொழிந்திருந்தது. 1930-களின் இறுதியிலிருந்து அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் அவற்றைச் செப்பனிட்டு அரங்கேற்றினர். அவற்றுள் எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்பது பிற்காலத்தில் கடும் விவாதத்துக்குள்ளாயிற்று.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் சான்று நமக்கு இன்னும் நெருங்கியது. சுப்பிரமணிய பாரதியாரின் பாடல்களைக் கவிதைகள் என்ற அளவில் குறையுடையன என எவரும் சொல்லத் துணியார். ஆயினும் இசையமைப்புகள் என்ற அளவில் அவற்றுள் மிகப் பல முற்றுப்பெறாதவை. இராகமும் தாளமும் குறிக்கப்பட்டுள்ளன. சிலவற்றுக்கு மாதிரி மெட்டும் சுட்டப்பட்டுள்ளது. ஆனால் பாடும் முறை 1921 செப்டம்பரில் அவருடனேயே போயிற்று. அவருடைய குரல் எந்த இசைத்தட்டிலும் பதிவாகவில்லை. இன்று கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நாம் பாரதியார் பாடல் எனப் பாடுபவை யாவும் பிறர் நிறைவு செய்தவையே. அந்நிறைவில் பாரதி எழுதிவைத்த குறிப்புகள் எவ்வாறு மறைந்தன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பாரதி எழுதிவைத்தவை

பாரதியின் இசையறிவைப் பற்றிப் பேசும்போது அவர் பிறந்த ஊரை மறந்துவிடலாகாது. முத்துசாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தது எட்டயபுரத்தில். அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் எட்டயபுர அரண்மனை வித்துவானாக விளங்கி, 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலை வெளியிட்டார். கீர்த்தனைகளைச் சுரம் சுரமாகவும், கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடுகள் இட்டும் பதிவு செய்த நூல் அது. தீட்சிதர் மறைந்தபோது பாரதி இரங்கற்பா பாடியுள்ளார். ஆகவே ஒரு பாடலின் இசையை முழுமையாக எழுத்தில் நிறுத்துவது எப்படி என்பதை அறியாதவர் அல்லர் பாரதி. அறிந்தும் அவர் அவ்வாறு செய்யவில்லை என்பதே நம் கவனத்துக்குரியது.

அவர் செய்தது வேறு. புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் (1908-1918) இயற்றி, 1917-இல் பரலி சு. நெல்லையப்பரால் பதிப்பிக்கப்பெற்ற 'கண்ணன் பாட்டு' இதற்குச் சிறந்த சான்று. அந்நூலின் இருபத்து மூன்று பாடல்களுள் பலவற்றின் தலைப்புக்குக் கீழே இராகம், தாளம், சுவை ஆகியவற்றைப் பாரதி குறித்துள்ளார். 'கண்ணன் - என் விளையாட்டுப் பிள்ளை' கேதார இராகம், கண்டசாதி ஏகதாளம். 'கண்ணன் - என் தோழன்' புன்னாகவராளி, திசிரசாதி ஏகதாளம். காதலனின் முகத்தை மறந்துவிட்டதாகத் தலைவி புலம்பும் பாடலுக்குப் பிலகரி. 'கண்ணம்மா - என் காதலி' வரிசையின் முதற்பாட்டுக்குச் செஞ்சுருட்டி. இவை யாப்புக் குறிப்புகள் அல்ல. பாடுவோருக்கு இடப்பட்ட பணிப்புகள்.

1919-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் வ.வே.சு. ஐயர், கடற்கரையில் நிலவொளியில் பாரதி தம் புதிய பாட்டுகளைத் தாமே கம்பீரமாகப் பாடியதை நினைவுகூர்கிறார். அதைக் கேட்டவர்கள் இப்பாடல்களை மாணிக்கமாக மதிப்பார்கள் என்கிறார். இப்பாராட்டில் ஒரு துயரமும் கலந்திருக்கிறது. கேட்டவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை அவர் நமக்குச் சொல்கிறார்.

இவ்வரிசையில் தலையாயது 'கண்ணம்மா - என் குழந்தை'. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு பாடிய இப்பாட்டு, மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் பாடியிருக்கக்கூடிய பாட்டு. இதற்குப் பாரதி குறித்தது பைரவி இராகம், ரூபக தாளம். அத்துடன் அவர் நிற்கவில்லை. சட்சத்தில் தொடங்கிப் பஞ்சமத்துக்குத் தாவி, நிசாதம் வரை ஏறித் தொட்டு, மீண்டும் படிப்படியாகச் சட்சத்தில் வந்து அமரும் சுரவரிசை ஒன்றையும் எழுதிவைத்தார். அதன் கீழே அவர் தரும் குறிப்புதான் இக்கட்டுரையின் உயிர்நிலை: இச்சுரவரிசைகளை மாதிரியாக வைத்துக்கொண்டு, மனோபாவத்துக்கு ஏற்ப மாற்றிப் பாடிக்கொள்ளுமாறு பாரதி பாடுவோரைப் பணிக்கிறார்.

இசை வரலாற்றில் இத்தகைய உரிமையளிப்பு அரிது எனலாம். சூபர்ட் பெரியோவுக்கு அனுமதி தரவில்லை. மொசார்ட் சூஸ்மயருக்குச் சொன்னவை எவை என்பது இன்றும் வாதப்பொருள். பாரதியோ எழுத்திலேயே இசைவு தந்தார். ஆனால் அந்த இசைவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மாதிரியை வைத்துக்கொண்டு மாற்ற வேண்டும். மாதிரியை அறியாமல் வேறொன்றைப் பாடுவது, நல்லதோ அல்லதோ, அவர் சொன்ன மாற்றம் ஆகாது.

பாரதி சுரங்களை முழுமையாக எழுதாமல் விட்டதற்கு அச்சுச் செலவும் அவசரமும் காரணமாகலாம் என்று கருதுவாரும் உளர். பிற பாடல்களுக்கு அது பொருந்தக்கூடும். 'என் குழந்தை'யைப் பொறுத்தவரை அவர் எழுதிய குறிப்பே அக்கருத்தை மறுக்கிறது. தாலாட்டுக்கும் கொஞ்சலுக்கும் உரிய பாட்டினை ஒரே அச்சில் வார்த்துவிடக்கூடாது எனக் கருதியே அவர் வாசலைத் திறந்துவைத்தார் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. பழைய கீர்த்தனைகளையே திரும்பத் திரும்பப் பாடும் வித்துவான்களைச் 'சங்கீத விஷயம்' என்னும் கட்டுரையில் அவர் கடிந்துகொண்டதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

மெட்டே பொருளாகும் இடம்

எல்லாப் பாடல்களுக்கும் பாரதி இவ்வுரிமையைத் தரவில்லை. சில பாடல்களில் மெட்டு என்பது சொல்லுக்கு இடப்பட்ட சட்டை அன்று. பொருளின் ஒரு பாதியே மெட்டுதான்.

'தொண்டு செய்யும் அடிமை' என்னும் பாடலைக் காண்க. சுயராச்சியம் வேண்டும் என்று கேட்கும் இந்தியனை ஆங்கிலேய அதிகாரி ஒருவன் இகழ்ந்து பேசுவதாக அமைந்தது இது. இதற்குப் பாரதி குறித்த வருணமெட்டு, கோபாலகிருட்டிண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளில் வருவது. சிதம்பரம் செல்ல விடை கேட்கும் நந்தனை, பண்ணைக்கு உடைய வேதியர் சாதி சொல்லி ஏசும் பாடல் அது. அக்காலத்தில் நந்தனார் கதை கதாகாலட்சேபமாகவும் நாடகமாகவும் ஊர்தோறும் நடந்தது. ஆகவே மெட்டு தொடங்கிய கணமே கேட்போர் காதில் பண்ணையாரின் குரல் ஒலிக்கும். அக்குரலின் மேல் ஆங்கிலேயனின் சொற்கள் வந்து படியும். அவன் நம்மை நடத்துவதும் நாம் நந்தனை நடத்தியதும் ஒன்றே என்ற குத்தல் சொல்லில் எங்கும் இல்லை; மெட்டில் இருக்கிறது. மெட்டை மாற்றினால் பாடல் வெறும் வெள்ளையர் எதிர்ப்புப் பாட்டாகச் சுருங்கிவிடும்.

துரை, கிராணி, கங்காணி என்ற படிநிலையின் அடியில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த மலாயாத் தோட்டப்புறத் தமிழருக்கு இப்பாடல் இரட்டைப் பொருள் தந்திருக்க வேண்டும். ஏசியவன் துரையும்தான், துரையின் பெயரால் ஏசிய நம்மவனும்தான். இன்று பாரதியார் விழா மேடைகளில் இப்பாடல் அரிதாகவே ஒலிக்கிறது. ஒலிக்கும்போதும் நந்தனார் மெட்டில் ஒலிக்கக் கேட்டதாக இக்கட்டுரையாளருக்கு நினைவில்லை.

'எங்கள் தாய்' என்னும் பாடலும் இத்தகையதே. பாரதமாதாவைப் பற்றிய இப்பாட்டுக்கு அவர் சுட்டியது காவடிச் சிந்து மெட்டு. 'நடிப்புச் சுதேசிகள்' கிளிக்கண்ணியாக அமைந்தது. பொதுமக்கள் ஏற்கெனவே வாயில் வைத்திருந்த மெட்டுகளில் புதிய சொற்களை ஏற்றி அனுப்புவது பாரதியின் திட்டம். அரங்கிசை வித்துவானின் துணையின்றியே பாடல் ஊர் ஊராகப் பரவும் வழி அது.

பின்வந்தோர் நிறைவு செய்தவை

பாரதி மறைந்தபின் அவர் பாடல்களுக்கு இசையுரு தந்தவர்கள் பெரும்பாலும் அவர் பாடக் கேளாதவர்கள். நாடக மேடை, கச்சேரி மேடை, திரைப்படம் என மூன்று வழிகளில் இப்பணி நடந்தது. திரைப்படமே ஏனைய இரண்டையும் விழுங்கிற்று.

ஏவி.எம். நிறுவனத்தின் 'நாம் இருவர்' (1947) படத்தில் ஆர். சுதர்சனத்தின் இசையில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் விடுதலைக் காலத்தின் குரலாகவே ஆயின. அப்போது பாரதி பாடல்களின் ஒலிபரப்பு, இசைத்தட்டு, திரைப்பட உரிமைகள் ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தன. டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' (1948) படத்தில் 'கண்ணன் - என் காதலன்' வரிசையின் முதற்பாட்டைப் பயன்படுத்தியதால் வழக்கு எழுந்ததும், அதனையொட்டிய கிளர்ச்சியின் விளைவாக 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துரிமையை ஏற்றதும், மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையைத் தொகை பெறாமல் விட்டுக்கொடுத்ததும் தமிழறிஞர் நன்கறிந்தவை. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' இவ்வரலாற்றை விரிவாகக் கூறும். இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றே. நாட்டுடைமையானவை பாரதியின் சொற்கள். அவற்றுக்குப் பிறர் அமைத்த மெட்டுகள் பிறருடைய படைப்புகள். மக்கள் மனத்திலோ சொல்லும் மெட்டும் சேர்ந்தே 'பாரதியார் பாடல்' என்ற ஒரே பெயரில் பதிந்துவிட்டன.

'கண்ணம்மா - என் குழந்தை'யின் இன்றைய உருவம் 1951-இல் வெளிவந்த 'மணமகள்' படத்தில் தோன்றியது. இசையமைத்தவர் சி.ஆர். சுப்பராமன். எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினர். காபி இராகத்தில் தொடங்கி, சரணத்துக்குச் சரணம் இராகம் மாறிச் செல்லும் இராகமாலிகை அது. பைரவி கனம் பொருந்திய இராகம். நின்று நிதானமாக விரியும். காபியோ இந்துத்தானிச் சாயல் கலந்து குழையும். சுப்பராமனின் அமைப்பு அழகில் குறைந்தது என்று எவரும் சொல்ல இயலாது. குழந்தையைக் கொஞ்சும் சரணம் ஒன்று, அதன் முகச்சிவப்பைக் காணும் சரணம் மற்றொன்று என நிறம் மாறும் பாட்டுக்கு இராகமாலிகை பொருத்தமானதே. அடுத்த ஆண்டிலேயே இளவயதில் மறைந்த அந்த இசைமேதை பாரதி வேண்டிய 'மனோபாவ மாற்ற'த்தைத் தம் வழியில் செய்து காட்டினார் என்றே கொள்ளலாம். குறை அவரிடம் இல்லை. அவருடைய மாற்றம் மாதிரியின் இடத்தையே எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஏனையவற்றை விரைந்து சொல்லலாம். 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்துக்கு ஜி. இராமநாதன், 'ஏழாவது மனிதன்' (1982) படத்துக்கு எல். வைத்தியநாதன், 'பாரதி' (2000) படத்துக்கு இளையராஜா எனப் பலரும் பாரதிக்கு இசை தந்துள்ளனர். பாரதி செஞ்சுருட்டி எனக் குறித்த 'என் காதலி' பாட்டு 2000-இல் ஏ.ஆர். இரகுமானின் இசையில் அரிகரன் குரலில் முற்றிலும் வேறு உடையில் வந்தது. பிலகரியில் பாடப்பட வேண்டிய பிரிவாற்றாமைப் பாட்டு இன்று கச்சேரிகளில் சோன்புரியில் கேட்கப்படுகிறது. பிலகரி பொதுவாக மகிழ்ச்சிக்கும் உற்சாகத்துக்கும் உரியதாகக் கருதப்படும் இராகம். மறதியின் துயரத்தை அவ்விராகத்தில் ஏன் வைத்தார் பாரதி? சோகப் பாட்டுக்குச் சோக இராகம் என்ற எளிய கணக்கில் அவ்வினாவே மறைந்துபோகிறது. மகிழ்ச்சியான நினைவின் இசையிலேயே இழப்பைச் சொல்லும் உத்தியாக அது இருந்திருக்கலாம். பிலகரியில் பாடிக் கேட்டால்தான் தெரியும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இரு வழிகள்

இப்பாடல்கள் இங்கு வந்து சேர்ந்த வழி ஒன்றன்று. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் இரயில்வே குடியிருப்பாக வளர்ந்தது. இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாகப் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர் இசையைக் கல்வியின் ஒரு பகுதியாகவே பேணினர். அவர்களது கந்தசுவாமி கோயில், 1904-இல் எழுந்த விவேகானந்த ஆசிரமம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தொடங்கப்பட்ட சங்கீத அபிவிருத்தி சபை, 1981-இல் சுவாமி சாந்தானந்த சரசுவதி தோற்றுவித்த நுண்கலைக் கோயில் எனச் செவ்வியல் இசைக்கும் ஆடலுக்கும் அங்கே ஒரு தொடர்ச்சி உண்டு. அவ்வட்டாரத்தின் முதன்மைச் சாலைக்குப் பெயர் தந்த துன் வீ.தி. சம்பந்தன் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் என்பதை இங்கு இடைக்குறிப்பாகச் சொல்லலாம். அதே பல்கலைக்கழகத்தில்தான் 1941-இல் தமிழிசை இயக்கத்தின் தீர்மானம் நிறைவேறியது. கச்சேரி மேடைகளில் பாரதிக்கு இடம் கிடைக்க அவ்வியக்கம் பெருந்துணை புரிந்தது.

மற்றொரு வழி தோட்டப்புற வழி. கிள்ளானைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் சிந்து, கும்மி, தெருக்கூத்து மெட்டுகளைத் தம்முடன் கொண்டுவந்தனர். தைப்பூசத்தன்று பத்துமலைக்குக் காவடி ஏந்திச் செல்வோரோடு அம்மெட்டுகளும் சென்றன. பாரதி 'எங்கள் தாய்'க்கு வேண்டிய காவடிச் சிந்து நடை, சங்கீத வகுப்பில் அன்று, காவடிக்குப் பின்னால் நடந்தவர்களின் வாயில்தான் இருந்தது. இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று சந்தித்திருந்தால் பாரதியின் இசைக்குறிப்புகளுக்கு இந்நாட்டில் ஒரு தனி வாழ்வு கிடைத்திருக்கக்கூடும். சங்கீதம் கற்றவர் பைரவிச் சுரங்களைப் படித்திருப்பார். தோட்டத்துப் பெரியவர் சிந்து மெட்டைப் பாடிக் காட்டியிருப்பார்.

நிகழ்ந்தது வேறு. திரைப்படமும் இசைத்தட்டும், 1946 முதல் மலாயா வானொலியும், பின்னர் ஒலிநாடாவும் இரு சாராருக்கும் ஒரே மெட்டைக் கொண்டுவந்து சேர்த்தன. பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும் விற்பனையான ஒலிநாடாக்களும் குறுந்தட்டுகளும் பாடியவர் பெயரைப் பெரிதாகவும் பாரதியின் பெயரை அதனினும் பெரிதாகவும் அச்சிட்டன. மெட்டமைத்தவர் பெயர் இருந்தாலும் அதைத் தேடிப் படிப்பார் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது சிந்து மெட்டு அறிந்த பெரியவர்களும் சிதறினர்.

மெட்டு மாறினால் பொருள் மாறும் என்பதை இந்நாட்டவர்க்கு விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1957-இல் பேராக் மாநிலப் பண்ணிலிருந்து எடுக்கப்பட்ட 'நெகாராக்கூ' மெட்டு, 1993-இல் விரைந்த அணிநடைப் பாணிக்கு மாற்றப்பட்டது. சொல்லில் ஒரெழுத்தும் மாறவில்லை. பத்தாண்டுக்குப்பின் 2003-இல் மீண்டும் பழைய கம்பீர நடைக்கே அது திருப்பப்பட்டது. இரு மாற்றங்களுக்கும் இசைவடிவம் தந்தவர் வா இதிரீசு. சபையில் எழுந்து நின்று பாடிய ஒவ்வொருவரும் வேறுபாட்டை உடலால் உணர்ந்தனர். நாட்டுப்பண்ணில் மாற்றம் நேர்ந்தபோது மாற்றியவர் யார், எந்த ஆண்டில், எதிலிருந்து எதற்கு என்பது பதிவாயிற்று. பாரதி பாடல்களுக்கு அப்பதிவு இல்லை.

ஒரு போட்டியும் ஒரு மதிப்பெண் தாளும்

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாக அமைந்த நிகழ்ச்சி ஒன்றை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். கிள்ளான் வட்டாரத்தில் நடந்த, தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான பாரதியார் பாடல் போட்டி ஒன்றில் இக்கட்டுரையாளரும் நடுவராக அமர்ந்தார். பாதிக்கு மேற்பட்டோர் 'கண்ணம்மா - என் குழந்தை'யையே பாடினர். எல்லாரும் சுப்பராமன் மெட்டு. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் அதே பாட்டை வேறு விதமாகப் பாடினாள். மெட்டு தடித்து, மெதுவாகச் சென்றது. முதலடியிலேயே குரல் ஓர் உயரத்துக்குத் தாவி, சற்று நின்று, இறங்கியது. சரணம் மாறியும் மெட்டு மாறவில்லை. தாளம் மூன்று மூன்றாக நடந்தது.

மதிப்பெண் தாளில் 'சரியான மெட்டு' என்றொரு பகுதி இருந்தது. நடுவர் மூவரும் அப்பகுதியில் அச்சிறுமிக்குக் குறைந்த மதிப்பெண்ணே அளித்தோம். யாரிடம் கற்றாய் என்று கேட்டதற்குத் தன் பாட்டி பாடுவார் என்றாள். பாட்டியார் பழைய தோட்டம் ஒன்றில் வாழ்ந்தவர் என்று உடன் வந்திருந்த ஆசிரியை தெரிவித்தார். குரல் நன்றாக இருக்கிறது, சரியான மெட்டைக் கற்றுக்கொண்டு அடுத்த ஆண்டு வா என்று அறிவுரையும் கூறி அனுப்பினோம். அதைச் சொன்னவர் இக்கட்டுரையாளர்தான்.

சில திங்கள் கழித்து வேறொரு பணிக்காகக் 'கண்ணன் பாட்டு'ப் பதிப்பைப் புரட்டியபோது மேலே கூறிய சுரக்குறிப்பு கண்ணில் பட்டது. அதுவரை பாட்டின் அடிகளைப் படித்தோமேயன்றித் தலைப்புக்கும் முதலடிக்கும் இடையில் இருந்த அவ்வரிகளை ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. அச்சுரங்களை மெல்ல முணுமுணுத்துப் பார்த்தபோது சட்சத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவும் இடத்தில் அச்சிறுமியின் குரல் நினைவுக்கு வந்தது.

இதனை ஆதாரமாகக் கொள்ள முடியாது. ஒரு முறை கேட்டதை நினைவிலிருந்து ஒப்பிடுவது ஆய்வு நெறியாகாது. சட்ச பஞ்சமத் தாவல் எத்தனையோ தாலாட்டுகளில் உண்டு. பாட்டியார் பாடியது பாரதியின் மாதிரியோ, யாரேனும் ஒரு தோட்டப்பள்ளி ஆசிரியர் பைரவியில் அமைத்ததோ, தோட்டத்துத் தாலாட்டு மெட்டொன்றில் அவரே ஏற்றிக்கொண்டதோ நாமறியோம். மூன்றாவதாகச் சொன்னதே உண்மையாயினும், பாரதி கேட்டுக்கொண்டதும் அதுதானே! அவ்வாண்டு முடியுமுன் அப்பள்ளி வழியாக விசாரித்தபோது குடும்பம் இடம்பெயர்ந்துவிட்டது தெரிய வந்தது. பாட்டியாரின் பாட்டைப் பதிவு செய்ய இயலாமற் போயிற்று.

நம் கையிலிருந்த மதிப்பெண் தாள் செய்தது என்ன என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1951-இல் ஒரு திரைப்படத்துக்காகச் செய்யப்பட்ட நிறைவு, 'சரியான மெட்டு' ஆயிற்று. பாரதியே குறித்த இராகத்தில் பாடினாலும் தவறு. பாரதி அனுமதித்தபடி மாற்றிப் பாடினாலும் தவறு. எழுதியவர் திறந்துவைத்த வாசலைப் பாடல் போட்டி அடைத்துவிட்டது. இந்நிலை ஒரு போட்டிக்கு மட்டும் உரியதன்று. ஒரு சிறுவன் பிலகரியிலோ செஞ்சுருட்டியிலோ பாரதியைப் பாடினால் அவனைத் திருத்தும் பெரியவர்களே இங்கு மிகுதி.

திரை மெட்டுகளைக் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்தன்று. சுப்பராமனின் இராகமாலிகையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அதனைத் துறப்பது இயலாது. துறக்க வேண்டியதும் இல்லை. பெரியோவின் செலெஸ்டா போல் இணைப்புத் தெரிய வேண்டும் என்பதே வேண்டுவது. அதற்கு ஒரு கருவியும் தேவையில்லை. நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி போதும். இயற்றியவர் பாரதியார், அவர் குறித்த இராகம் பைரவி, இன்று பாடப்படும் மெட்டு சி.ஆர். சுப்பராமன், 1951 என்று அச்சிட்டால், கேட்போருள் ஒருவரேனும் பைரவியில் அது எப்படி இருந்திருக்கும் என்று கேட்கக்கூடும். நந்தனார் மெட்டில் அமைந்த பாடல்களுக்கோ இதனினும் கண்டிப்பான முறை வேண்டும். அங்கே பாரதி மாற்றிப் பாடச் சொல்லவில்லை.

பின்னர் வேறொரு போட்டிக்கு நடுவராக அழைக்கப்பட்டபோது, மதிப்பெண் தாளிலிருந்து 'சரியான மெட்டு' என்பதை நீக்கி 'இராக தாள ஒழுங்கு' என மாற்றும்படி கேட்டுக்கொண்டோம். ஏற்பாட்டாளர்கள் இசைந்தனர். பதிவுப் படிவத்தில் பாடலின் பெயருக்குக் கீழே 'மெட்டமைத்தவர்' என்று ஒரு வரியும் சேர்க்கப்பட்டது. திரும்பி வந்த படிவங்களில் பெரும்பாலானவற்றில் அவ்வரி வெறுமையாக இருந்தது. சிலவற்றில் பாரதியார் என்றிருந்தது. இரண்டில் யூடியூப் என்று எழுதியிருந்தார்கள்.